செல்போன் மந்தமாவது ஏன்? தூர் வாருவது எப்படி?

தாமிரபரணி கடலோடு கலக்கும் கரையில் வாழும் நமக்கு, தூர் சேர்வது என்றால் என்னவென்று எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை ஒரு காலத்தில் கடற்றுறையாக விளங்கிற்று. இன்றோ அது கடலுக்குப் பல கிலோமீட்டர் உட்புறத்தில், வயலும் வாழையும் சூழ்ந்த சிற்றூராக இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்டுச் சென்ற காயல் துறையும், ஆறு கொணர்ந்த மணலாலும் வண்டலாலும் நாளடைவில் கடலைவிட்டு விலகிப் பயனிழந்தது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் பல்லாண்டுகளாகப் படிந்த மண்ணை அகற்றும் பணியோ, வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரையில் சென்ற பின்னரே 2015இல் தொடங்கிற்று.

குளம் பார்வைக்கு நிறைந்திருக்கும். அடியில் மண் ஏறியிருந்தால் புதுவெள்ளத்திற்கு அதில் இடமிராது. இதனையொத்த நிலை நம் சட்டைப் பையிலுள்ள செல்போனுக்கும் நேருகிறது. அது எவ்வாறு நேருகிறது, அதற்கு நாம் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. இது நம் தொழிலைப் பற்றிய விஷயம்

செல்போன் முன்பு பேசுவதற்கு மட்டும் பயன்பட்டது. இன்று அது நம் கணக்குப் புத்தகமாகவும், கடிதப் பெட்டியாகவும், பத்திரப் பெட்டியாகவும் ஆகிவிட்டது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையைப் பயிரிடுவோர், அன்றன்றைய விலையைப் போனில் கேட்டறிந்தே கட்டு அனுப்புகின்றனர். பத்தமடைப் பாய் நெய்வோரும் வீரவநல்லூர்த் தறிகாரரும் மாதிரிகளைப் படமெடுத்து அனுப்பி உத்தரவு பெறுகின்றனர். வங்கியில் பணம் வந்த செய்தியும், சங்கத்தில் கட்டிய தவணையின் இரசீதும், கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் குரலும் அதனுள்ளேதான் இருக்கின்றன.

அத்தகைய போன், வாங்கிய புதிதில் தொட்டவுடன் திறக்கிறது. இரண்டாண்டு சென்றபின் ஒரு செயலியைத் திறக்கச் சொன்னால் யோசித்து யோசித்துத் திறக்கிறது. உடனே நாம் செய்வது என்ன? “பழசாகிவிட்டது” என்று முடிவு கட்டி, தவணை முறையில் புதியதொன்றை வாங்கி விடுகிறோம். பல ஆயிரம் ரூபாய் கடனாகிறது. ஓராண்டு கழித்து அதுவும் மந்தமாகிறது. குளத்தைத் தூர் வாராமல் வேறு குளம் வெட்டியவன் நிலை இது. நோயின் காரணத்தை அறிந்தால் இச்செலவில் ஒரு பகுதியேனும் மிஞ்சும்.

2. மந்தத்தின் காரணங்கள் நான்கு

முதலாவது, சேமிப்பகம் நிறைந்து போவது. இதுவே நம் கையால் திருத்தக்கூடியது. ஆதலால் இப்பாடத்தின் பெரும்பகுதி இதனைப் பற்றியதே.

இரண்டாவது, மின்கலம் தளர்வது. போனிலுள்ள லித்தியம் பேட்டரி ஆண்டுக்காண்டு வலுவிழக்கும். தளர்ந்த பேட்டரியால் திடீரென்று மிகுந்த மின்சாரத்தை வழங்க இயலாது, போன் அணைந்துவிடும். இதனைத் தவிர்க்க ஆப்பிள் நிறுவனம் 2017இல் தன் ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்தது. வாங்கியோருக்கு இதைத் தெளிவாகச் சொல்லவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் உண்மையை ஒப்புக்கொண்டது. அறிவிக்கத் தவறியமைக்காகப் பிரான்ஸ் அரசின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை 2020 பிப்ரவரியில் அந்நிறுவனத்திற்கு 2 கோடியே 50 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. போன் மந்தமானால் புதுப்போன் வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை, சில வேளைகளில் புதிய பேட்டரியே போதும் என்பது இதனால் உலகறிந்த செய்தியாயிற்று.

மூன்றாவது, வெப்பம். சித்திரை வெயிலில் உப்பளத்திலோ வாழைத் தோட்டத்திலோ போனைத் திறந்தவெளியில் வைத்தால், சூட்டினின்றும் தன்னைக் காத்துக்கொள்ள அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நிழலில் வைத்தால் சரியாகிவிடும்.

நான்காவது, செயலிகள் வளர்வது. ஒவ்வொரு புதுப்பிப்பிலும் செயலிகள் பெரியனவாகின்றன. போனோ வாங்கிய அன்று இருந்த அதே போன். இரண்டு மாடு இழுக்கும் வண்டியில் நாளுக்கு நாள் சுமையை ஏற்றினால் வேகம் குறையத்தானே செய்யும்?

3. தறியும் கிடங்கும்

செல்போனில் இடம் என்பது இருவகைப்படும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதால்தான் குழப்பம் எழுகிறது.

ஒன்று, ‘ராம்’ எனப்படும் வேலை நினைவகம். இது தறியில் ஏறியிருக்கும் பாவைப் போன்றது. இப்போது நடக்கும் வேலைக்கு வேண்டியது மட்டும் அங்கே இருக்கும். போனை அணைத்தால் அது வெறுமையாகிவிடும். மற்றொன்று, ‘ஸ்டோரேஜ்’ எனப்படும் சேமிப்பகம். இது நூல் கிடங்கைப் போன்றது. போனை அணைத்தாலும் வைத்தது வைத்தபடி இருக்கும். கடைக்காரர் “நாலு ஜிபி, அறுபத்துநாலு ஜிபி” என்று சொல்லும்போது முதல் எண் தறியையும், இரண்டாம் எண் கிடங்கையும் குறிக்கும். ‘இடம் போதவில்லை’ என்று போன் எச்சரிப்பது கிடங்கைப் பற்றியே.

இக்கிடங்கு ‘ஃபிளாஷ்’ என்னும் சில்லினால் ஆனது. ஜப்பான் நாட்டுத் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய ஃபூஜியோ மசுவோகா என்னும் பொறியாளர் இதனை 1984இல் உலகுக்கு அறிவித்தார். இன்று நம் போன்களில் உள்ள ‘நாண்ட்’ வகையை அவர் குழுவினர் 1987இல் வெளியிட்டனர். இச்சில்லுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. எழுதும்போது சிறு சிறு பக்கங்களாக எழுதலாம். அழிக்கும்போதோ, பல பக்கங்கள் சேர்ந்த ஒரு முழுத் தொகுதியைத்தான் அழிக்க இயலும். எழுதிய பக்கத்தை அழிக்காமல் அதன்மேல் மறுபடி எழுதவும் இயலாது.

இதனை நம் சங்கக் கிடங்கில் வைத்துப் பார்ப்போம். இருபது அறைகள் உள்ள கிடங்கு. நூல் சிப்பங்களை ஒவ்வொன்றாக உள்ளே வைக்கலாம். ஆனால் கெட்ட சிப்பத்தை வெளியேற்ற வேண்டுமானால் அறை முழுவதையும் காலி செய்து கழுவித்தான் ஆகவேண்டும் என்று ஒரு விதி இருப்பதாகக் கொள்வோம். ஓர் அறையில் பாதி நல்ல நூல், பாதி கெட்ட நூல் இருந்தால் கிடங்குக்காரர் என்ன செய்வார்? நல்ல சிப்பங்களை முதலில் வேறொரு காலி அறைக்கு மாற்றுவார். பிறகு இந்த அறையைக் கழுவுவார். மூன்று நான்கு அறைகள் காலியாக இருந்தால் இவ்வேலையை இரவில் ஓய்வாக முடித்துவிடலாம். காலையில் வண்டி வந்தால் சரக்கு உடனே இறங்கும்.

கிடங்கு முழுதும் அடைந்து கிடந்தால்? வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் இடம் தேடுவது, மாற்றுவது, கழுவுவது எல்லாம் நடைபெறும். ஒரு சிப்பத்தை இறக்கப் பத்துச் சிப்பத்தை நகர்த்த வேண்டிவரும். வண்டிக்காரர் காத்து நிற்பார். நாம் திரையைத் தொட்டபின் போன் பதில் சொல்லாமல் நிற்பதற்குப் பல வேளைகளில் காரணம் இதுவே. சில்லைச் செய்தவர்கள் உள்ளுக்குள் சிறிது இடத்தை இக்காரியத்திற்கென்றே ஒதுக்கி வைத்திருப்பர். எனினும் மற்ற இடமெல்லாம் அடைபட்டபின் அது தடுமாறத் தொடங்கும்.

இன்னொன்றும் கருதத்தக்கது. ஒவ்வொரு தொகுதியையும் அளவற்ற முறை அழித்து எழுத முடியாது. வகைக்கேற்ப ஏறத்தாழ ஆயிரம் முதல் சில ஆயிரம் முறை வரையில்தான் அது தாங்கும். நிறைந்த கிடங்கில் வீண் நகர்த்தல் மிகுவதால் தேய்மானமும் மிகும். ஆகவே இடம் விட்டு வைப்பது வேகத்திற்கு மட்டுமன்றி ஆயுளுக்கும் நல்லது.

நாம் ஒரு படத்தை அழித்தவுடன் சில்லிலிருந்து அது அகன்றுவிடுவதில்லை. பேரேட்டில் அதன் பெயர் அடிபடுகிறது, அவ்வளவே. ‘இந்தப் பக்கங்கள் இனி வேண்டா’ என்று போன் பிறகு சில்லுக்குத் தெரிவிக்கும். இதற்கு ‘டிரிம்’ என்று பெயர். ஆண்ட்ராய்டு போன்களில் 2013இல் வந்த 4.3ஆம் பதிப்பு முதல், போன் சும்மா இருக்கும் வேளையில் இது தானே நடைபெறுகிறது. இரவில் போனைச் சார்ஜில் போட்டு, நோண்டாமல் விட்டுவைப்பது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

4. வண்டல் எங்கிருந்து வருகிறது?

2017 டிசம்பரில் கூகுள் நிறுவனம், போனில் இடத்தைக் காலி செய்து தருவதற்கென்றே ‘ஃபைல்ஸ் கோ’ என்னும் செயலியைப் புது தில்லியில் வெளியிட்டது. இன்று அதற்கு ‘ஃபைல்ஸ் பை கூகுள்’ என்று பெயர். இந்தியப் போன்கள் இவ்வளவு விரைவில் நிறைந்து உறைந்து போவது ஏன் என்று அந்நிறுவனத்தார் ஆராய்ந்தபோது கண்ட விடையை, 2018 ஜனவரியில் அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ் வெளியிட்டது. நாம் ஒருவருக்கொருவர் நாள்தோறும் அனுப்பிக்கொள்ளும் ‘காலை வணக்கம்’ படங்களே அவ்விடை! பூவும், உதயசூரியனும், குழந்தையும், ஒரு நல்வாக்கும் கொண்ட படங்கள். இந்தியாவில் மூவரில் ஒருவருக்கு நாள்தோறும் போனில் இடம் தீர்ந்துபோகிறது என்றும், அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்கே அந்நிலை என்றும், சேமிப்புக் கருவிகள் செய்யும் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் கணக்கை அச்செய்தி எடுத்துக்காட்டிற்று.

அன்பினால் அனுப்பும் வாழ்த்தைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. காலை வணக்கமும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ வாழ்த்தும், பொங்கல் வாழ்த்தும், பெருநாள் வாழ்த்தும் உறவை வளர்ப்பன. ஆயினும் கணக்கைக் கணக்காகப் பார்க்கவேண்டும். ஒருவர் ஆறு குழுக்களில் இருக்கிறார் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 40 படங்கள் வருகின்றன. படம் ஒன்றுக்கு 200 கிலோபைட் என்றால் 8 மெகாபைட். ஐந்து வீடியோக்கள், ஒவ்வொன்றும் 8 மெகாபைட் என்றால் 40. ஆக நாளொன்றுக்கு 48 மெகாபைட். மாதத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை ஜிபி; ஆண்டுக்குப் பதினேழரை ஜிபி. 64 ஜிபி போனில் ஒரு பெரும் பங்கை அதன் சொந்த மென்பொருளே எடுத்துக்கொள்ளும். மிஞ்சியதில் செயலிகளும் நாம் எடுத்த படங்களும் இருக்கின்றன. இரண்டே ஆண்டில் கிடங்கு அடைபடுவதில் வியப்பென்ன?

நாம் பிறருக்கு அனுப்பும் படத்தின் நகலும் வாட்ஸ்அப்பில் தனியே சேர்கிறது என்பதையும் பலர் அறியார்.

5. வெள்ளம் வரும் நாள்

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு மழை ஒரே நாளில் கொட்டிய அந்நாளை இங்கு எவரும் மறக்கவில்லை. அத்தகைய நாளில் சாய்ந்த வாழையையும், நீர் நின்ற கொடிக்காலையும், நனைந்த பாவையும் படமெடுத்து வைப்பது எத்துணை அவசியம் என்பதை விளக்க வேண்டுவதில்லை. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், உள்ளூர் அளவில் நேரும் சேதத்தை 72 மணி நேரத்திற்குள் அறிவிக்கவேண்டும். அதனைப் போன் செயலி வழியாகவும் செய்யலாம். அந்நேரத்தில் ‘இடமில்லை’ என்று போன் கைவிரித்தால் என் செய்வது?

அப்போது அவசரத்தில் கைக்கு வந்ததையெல்லாம் அழிக்க முற்படுவோம். அவ்வாறு அழிப்பதில் நிலப்பட்டாவின் படமும், இறந்துபோன தாயாரின் குரலும் சேர்ந்து போகக்கூடும். வெள்ளத்திற்கு முன் வாய்க்காலைச் சுத்தம் செய்பவனே விவசாயி. போனுக்கும் அதுவே விதி.

6. தூர் வாரும் முறை

மாதம் ஒரு நாள், அரைமணி நேரம் போதும். ஒழுங்கு மட்டும் மாறலாகாது: முதலில் நகல், அடுத்துச் சோதனை, கடைசியில் அழித்தல்.

முதற்படி: போனின் ‘அமைப்புகள்’ பகுதியில் சேமிப்பகம் என்னும் பக்கத்தைத் திறந்து, எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்கவும். பத்தில் ஒரு பங்கேனும், இயன்றால் ஐந்தில் ஒரு பங்கும் காலியாக வைத்திருப்பது நல்ல பழக்கம்.

இரண்டாம் படி: அழியக்கூடாதவற்றைத் தனியே பிரிக்கவும். பத்திரம், இரசீது, சேதப் படம், நெசவு மாதிரி, குடும்பப் படம், குரற்செய்தி ஆகியன இவை. இவற்றைக் கணினிக்கோ பென் டிரைவுக்கோ மாற்றவும். ஒரே இடத்தில் வைத்தால் அதுவும் கெடலாம். இரண்டு இடங்களில் வைப்பதே காப்பு. இணையத்தில் வைப்போர் கூகுள் கணக்கில் இலவச இடம் 15 ஜிபி மட்டுமே என்பதை நினைவில் கொள்ளவேண்டும். படங்களுக்கு அளவில்லா இடம் தந்த சலுகை 2021 ஜூன் 1 முதல் நின்றுவிட்டது.

மூன்றாம் படி: நகலைத் திறந்து பார்க்கவும். படம் தெரிகிறதா? குரல் கேட்கிறதா? இதனைப் பாராமல் மூலத்தை அழிப்பது, எண்ணிப் பாராமல் இரசீதில் கையெழுத்திடுவதற்கு ஒப்பாகும்.

நான்காம் படி: வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பிடத்தை நிர்வகிக்கும் பக்கத்திற்குச் செல்லவும். 5 மெகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்புகளும், பலமுறை பகிரப்பட்டு வந்தவையும் அங்கே தனித்தனியே காட்டப்படும். அவற்றிலிருந்து தொடங்கினால் குறைந்த உழைப்பில் மிகுந்த இடம் கிடைக்கும்.

ஐந்தாம் படி: மடையை அடைக்கவும். படமும் வீடியோவும் தாமாகவே இறங்குவதை வாட்ஸ்அப் அமைப்பில் நிறுத்திவிடலாம். வேண்டியதை மட்டும் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். வாராமல் தடுப்பது, வந்தபின் வாருவதினும் எளிது.

ஆறாம் படி: மாதக்கணக்கில் திறவாத செயலிகளை நீக்கவும். பின்னர் போனை ஒருமுறை அணைத்து ஏற்றவும். இரவில் சார்ஜில் போட்டுச் சும்மா விடவும்.

7. செய்யத்தகாதவை

‘கேஷ்’ என்பது செயலி விரைவுக்காகச் சேர்த்து வைக்கும் தற்காலிகப் பொருள். அதனை அழிக்கலாம், நஷ்டமில்லை. ஆயினும் அது மறுபடி சேரும். நாள்தோறும் அழிப்பதால் இலாபமுமில்லை. அதனருகிலேயே இருக்கும் ‘டேட்டாவை அழி’ என்னும் பொத்தானைத் தொடும் முன் பத்து முறை யோசிக்கவேண்டும். அந்தச் செயலியில் நாம் வைத்திருந்ததெல்லாம் அதனால் போய்விடக்கூடும்.

கூகுள் போட்டோஸ் செயலியில், ‘சாதனத்தில் இடத்தைக் காலியாக்கு’ என்பது வேறு, ‘அழி’ என்பது வேறு. முன்னது போனிலுள்ள நகலை மட்டும் நீக்கும். பின்னது இணையத்திலுள்ள நகலையும் சேர்த்து நீக்கும். தவறி அழித்த படம், காப்புப்பிரதி எடுக்கப்பட்டதாயின், குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குள் மீட்டுக்கொள்ளலாம்.

‘ஒரே தொடுதலில் வேகம் பத்து மடங்கு’ என்று விளம்பரம் செய்யும் செயலிகளை நம்பற்க. அவற்றுள் பல, தறியில் இருக்கும் பாவை அறுத்துவிட்டு ‘தறி காலியாயிற்று’ என்று சொல்வன. அடுத்த கணமே போன் அதனை மறுபடி ஏற்றவேண்டும், பேட்டரிதான் வீணாகும். முன்பின் அறியாதவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் செயலிக் கோப்புகளை நிறுவவே கூடாது. அவ்வழியில் வங்கிப் பணத்தைப் பறிகொடுத்தோர் உண்டு.

8. தூர் வாரியும் தீராவிடில்

ஐந்தில் ஒரு பங்கு காலியாக வைத்த பின்பும் போன் மந்தமாகவே இருந்தால் பேட்டரியைச் சோதிக்கவேண்டும். சார்ஜ் விரைவில் தீர்வதும், பாதியில் அணைவதும் அதற்கு அறிகுறி. பேட்டரி உப்பியிருந்தால் அதனைப் பயன்படுத்துவது அபாயம், உடனே மாற்றவேண்டும். பேட்டரியும் நன்றாயிருந்து, பாதுகாப்புப் புதுப்பிப்பு வருவதும் நின்றுபோயிருந்தால், அப்போது புதிய போன் வாங்குவது முறையான செலவு. வாங்கும்போது கிடங்கின் அளவைத் தேவைக்குச் சற்று மிகுதியாகவே பார்த்து வாங்குதல் நலம்.

நம் சங்கங்களில் மாதக் கூட்டம் முடிந்தபின் அரைமணி நேரம் ஒதுக்கி, கற்ற இளைஞர் ஒருவர் உதவியுடன் அங்கத்தினர் அனைவரும் சேர்ந்து இவ்வேலையைச் செய்யலாம். குடிமராமத்து என்பது நமக்கு அயலான வழக்கமன்று. தனியாகச் செய்யத் தயங்கும் முதியவர்களும் அங்கே துணிவுடன் செய்வர். அழியக்கூடாதது அழியாமல் காக்க அருகில் ஒருவர் இருப்பார். அடுத்த ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு அங்கத்தினரும் ஒருமுறையேனும் இதனை முடித்திருத்தல் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

சிந்திக்கவேண்டிய வினாக்கள்

1. தறியையும் கிடங்கையும் உவமையாகக் கொண்டு, ராமுக்கும் சேமிப்பகத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுக.

2. கிடங்கில் காலி அறை இல்லாவிடில் வண்டி காத்து நிற்பது ஏன்?

3. நகல், சோதனை, அழித்தல் என்னும் ஒழுங்கு மாறினால் விளையும் நஷ்டம் யாது?

4. உங்கள் போனில் இன்று எத்தனை ஜிபி காலியாக உள்ளது? அது மொத்த இடத்தில் எத்தனையில் ஒரு பங்கு?